மேட்டில் சக்கரம் ஏறினால் பிளேடு எங்கே போகும்?

நாமகிரிப்பேட்டைப் பக்கம் குச்சிக்கிழங்கு பிடுங்க ஆரம்பித்துவிட்டால், தார்ச் சாலையைவிட அதிகம் அடிவாங்குவது கிராவல் தடங்கள்தான். கொல்லிமலைக்கும் போதமலைக்கும் நடுவே கிடக்கும் இந்தச் சமவெளியில், கிழங்கு ஏற்றிய டிரெய்லர் காட்டைவிட்டு வெளியே வருவது வரப்போரத்து வண்டித்தடத்தில். ராசிபுரம் – ஆத்தூர் சாலையும் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையும் அதற்குப் பிறகுதான். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளிலேயே கெட ஆரம்பித்துவிடும் என்பதால், தடம் சரியில்லை என்று வண்டியை நிறுத்திவைக்க முடியாது. நாலைந்து டன் பாரம் அதே பள்ளத்தில் விழுந்து விழுந்து எழும். கிழங்கு ஓய்வதற்குள் மஞ்சள் வந்துவிடும்.

இந்தத் தடங்களைச் சீர்செய்ய ஊரில் கிடைப்பவை நமக்குத் தெரிந்தவைதான். டிராக்டரின் முன்னால் பூட்டிய டோசர், பின்னால் மாட்டும் லெவலர் பிளேடு, ஒன்பது கொத்துக் கலப்பை, எதுவும் அமையாவிட்டால் ஜேசிபி. அன்றைக்கு எது சும்மா நிற்கிறதோ அதைக் கூப்பிட்டு வேலையை முடித்துவிடுகிறோம். அடுத்த மழைக்குள் பள்ளம் அதே இடத்தில் திரும்ப வந்துவிடுகிறது. மண்ணைக் குறை சொல்கிறோம், மழையைக் குறை சொல்கிறோம். பல இடங்களில் பள்ளத்துக்கு வித்திட்டது தடத்தைச் சீர்செய்யப் பூட்டிய கருவியேதான். எப்படி என்று பார்க்க, முதலில் அந்த மண்ணைக் கையில் எடுக்க வேண்டும்.

நாம் கிராவல் என்று கொட்டும் செஞ்சரளை இந்த நிலத்துப் பாறை மக்கிப் பிறந்தது. கொல்லிமலையும் அதைச் சுற்றிய தரையும் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகள். அவற்றிலுள்ள பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் பல்லாயிரம் ஆண்டுகள் நீர் பட்டுச் சிதைந்து களியாகிறது. குவார்ட்ஸ் எளிதில் சிதையாது, மணலாக உதிர்கிறது. மக்காமல் மிஞ்சிய துண்டுகள் கல்லாகவே நிற்கின்றன. இரும்பு துருவேறி எல்லாவற்றுக்கும் செந்நிறம் பூசுகிறது. பாரம் தாங்கக் கல், கல்லின் இடுக்கை நிரப்ப மணல், இரண்டையும் பிடித்துவைக்கக் களி என்று ஒரு தடத்துக்கு வேண்டிய மூன்றும் ஒரே பாறையிலிருந்து வந்துவிடுகின்றன.

எது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. துகள்கள் மிக நெருக்கமாக அடையும் விகிதத்தை ஃபுல்லர், தாம்ஸன் என்ற அமெரிக்கப் பொறியாளர்கள் இருவர் 1907இல் கான்கிரீட்டுக்காக வகுத்தார்கள். 20 மில்லிமீட்டர் கல்லைப் பெரிய அளவாக வைத்து அந்தச் சூத்திரத்தைப் போட்டால், மாவுபோன்ற நுண்துகள் 6 சதவீதம் வருகிறது. தார் பூசாத தடத்தில் பசையும் அந்த நுண்துகள்தான் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக, 10 சதவீதத்தை ஒட்டி, இருப்பது நல்லது. ஆய்வகம் போகாமலே பார்க்கலாம். ஈரக் கிராவலை ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். கையைத் திறந்ததும் உருண்டை உடையாமல் நின்று, உள்ளங்கையில் செம்மைக் கறை மட்டும் தங்கினால் நல்ல சரக்கு. பொலபொலவென்று உதிர்ந்தால் களி போதாது. விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தால் களி மிகுதி, மழைக்குச் சேறாகும்.

வண்டி ஓட ஓட இந்த விகிதம் கலைகிறது. கோடையில் பறக்கும் புழுதி வேறொன்றுமில்லை, தடத்தின் பசைதான். கல்லைச் சக்கரம் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. அதனால் பராமரிப்பு என்பது மேட்டைச் சீவிப் பள்ளத்தில் போடுவது மட்டுமாகாது. ஓரத்தில் ஒதுங்கிய கல்லையும் நடுவில் தங்கிய பொடியையும் திரும்பக் கலக்க வேண்டும். கருவி வாங்கும்போது இதைக் கேட்பவர்கள் குறைவு.

அடுத்தது அலை. காய்ந்த கிராவல் தடத்தில் குறுக்குவாட்டில் வரிவரியாக எழும் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். வண்டி அதன்மேல் போனால் பல் தந்தியடிக்கும். இதற்கு வண்டியின் ஸ்பிரிங் காரணம், கற்கள் பிரிந்து குவிவது காரணம் என்று பலவாறாகச் சொல்லிவந்தார்கள். பிரான்சின் நிக்கோலா தாபெர்லே, கனடாவின் ஸ்டீபன் மோரிஸ், இங்கிலாந்தின் ஜிம் மெக்எல்வெய்ன் மூவரும் வட்டத் தடத்தில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சக்கரத்தை ஓடவிட்டுப் பார்த்தார்கள். 2007இல் ‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் முடிவு வந்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் தட்டையாகவே இருந்தது. அதைத் தாண்டியதும் அலை எழுந்தது. மண் இறுகுவதும் தேவைப்படவில்லை, சிறிது பெரிதாகத் துகள்கள் பிரிவதும் தேவைப்படவில்லை. குளத்தில் சாய்த்து எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்தித் தத்திப் போவதுபோல, வேகம் கூடிய சக்கரத்தை மணல் மேலே தள்ளுகிறது. அது எழும்பி விழுந்த இடம் பள்ளமாகிறது.

நமக்கு முக்கியமான சோதனை அடுத்து வந்தது. அதே குழுவினர் பிறரையும் சேர்த்துக்கொண்டு 2009இல் சக்கரத்தை எடுத்துவிட்டு, சாய்வான ஒரு தகட்டை, அதாவது ஒரு பிளேடை, மணலில் இழுத்தார்கள். அப்போதும் அலை வந்தது. சமன்படுத்தும் பிளேடே வேகம் கூடினால் தானாகக் குதித்து அலை போடும்! பாதி நாள் வாடகையில் முழு வேலையும் முடியட்டும் என்று கியரை ஏற்றி ஓட்டிய தடத்தில், பொழுது சாய்ந்த வெளிச்சத்தில் நின்று பார்த்தால் அந்த வரிகள் தெரியும். கிராவல் சாலை அதிகமுள்ள அமெரிக்க மாநிலமான தெற்கு டகோட்டாவின் பராமரிப்புக் கையேடு, கிரேடர் மணிக்கு 3 முதல் 5 மைல் வேகத்தில் போனால் போதும் என்கிறது. நம் கணக்கில் 5 முதல் 8 கிலோமீட்டர், கொஞ்சம் விரைந்து நடக்கும் வேகம். எந்தக் கருவியானாலும் இந்த வேகத்தில் ஓட்டச் சம்மதிக்கும் டிரைவர்தான் முதல் தேவை.

மெதுவாகப் போனாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. அது டிராக்டரின் உடலமைப்பிலேயே இருக்கிறது.

45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி சுமார் 2 மீட்டர். பின்னால் மாட்டிய லெவலர் பிளேடின் விளிம்பு பின் அச்சிலிருந்து சுமார் 1.2 மீட்டர் தள்ளி இருக்கும். தடத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்தில் குறுகலான ஒரு மேடு. முன்சக்கரம் அதில் ஏறுகிறது. டிராக்டர் பின்சக்கரத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்கிறது, பின்னால் உள்ள பிளேடு தாழ்கிறது. 1.2ஐ 2ஆல் வகுத்துப் பாருங்கள்: 6 சென்டிமீட்டர் கீழே போய்விடும். மேட்டுக்கு 3.2 மீட்டர் பின்னால், ஒரு குற்றமும் செய்யாத தரையில் பிளேடு குழி பறிக்கிறது. கொஞ்சம் நகர்ந்ததும் பின்சக்கரம் மேட்டில் ஏறுகிறது. இப்போது பிளேடு 16 சென்டிமீட்டர் எழும்பி, அள்ளிவந்த மண்ணையெல்லாம் அங்கேயே விட்டுவிடுகிறது. கடைசியாக பிளேடு மேட்டுக்கு வரும்போது நான்கு சக்கரமும் சமதரைக்கு வந்திருக்கும், மேடு ஒழுங்காகச் சீவப்படும். ஒரு மேட்டைச் சீவியதற்கு விலை புதிதாக ஒரு குழியும் ஒரு குவியலும். அடுத்த நடையில் சக்கரம் அந்தக் குழியில் இறங்கும், அந்தக் குவியலில் ஏறும்.

பின்பக்கம் திரும்பி, ஒரு கை ஸ்டீயரிங்கிலும் மறு கை ஹைட்ராலிக் நெம்பிலுமாக உட்கார்ந்திருக்கும் டிரைவர் ஓயாமல் செய்வது இந்தக் கணக்கைக் கையால் நேர்செய்வதைத்தான். பழகிய கை நன்றாகவே செய்யும். ஆனால் மேடு தெரிந்து, கை அசைந்து, எண்ணெய் பாய்ந்து, பிளேடு எழுவதற்குள் டிராக்டர் அரை மீட்டர் போயிருக்கும்.

முன் டோசர் இதற்கு மாற்று என்று சொல்வார்கள். பிளேடு கண்முன்னால் தெரிகிறது, சக்கரம் ஏறுமுன்பே மேட்டை அது சந்தித்துவிடுகிறது. அது உண்மை. குவித்த கிராவலைத் தள்ளிப் பரப்ப டோசருக்கு இணையில்லை. ஆனால் முன் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிளேடு, முன்சக்கரம் 10 சென்டிமீட்டர் ஏறினால் 15 ஏறும், பின்சக்கரம் ஏறினால் 5 இறங்கும். அது வெட்டிய தரைமீதே அதன் சக்கரம் போகிறது என்பதால், பிளேடு ஒருமுறை தவறினால் அந்தத் தவறில் சக்கரம் ஏறி அடுத்த தவறை உண்டாக்கும். மண் பரப்ப டோசர், தடம் சமன்செய்ய அது வேண்டாம் என்பது என் முடிவு.

நெடுஞ்சாலைப் பணியில் பார்க்கும் மோட்டார் கிரேடர் ஏன் அவ்வளவு நீளமாக, நடுவயிற்றில் பிளேடைத் தாங்கி நிற்கிறது என்பது இப்போது புரியும். அச்சுகளுக்கு நடுவே பிளேடு இருந்தால், முன்சக்கரம் 10 ஏறும்போது பிளேடு 5தான் ஏறும். பின்னால் இரட்டைச் சக்கரங்கள் ஒரு விட்டத்தின் இரு முனையில் ஆடுவதால் அங்கே ஏறும் 10 பாதியாகி, பிளேடுக்கு வரும்போது இரண்டரை ஆகிறது. டிராக்டர் பிளேடு தரையின் பிழையைப் பெருக்குகிறது, கிரேடர் அதை வகுக்கிறது. வித்தியாசம் குதிரைத்திறனில் இல்லை, பிளேடு எதன்மேல் ஊன்றி நிற்கிறது என்பதில் இருக்கிறது. தோட்டத்துத் தடத்துக்குக் கிரேடர் வராது. ஆனால் அந்த வகுத்தலை நாமே செய்துகொள்ளலாம்.

வழி பழையது. உழவன் பரம்படிக்கும்போது பலகை எருதின்மேலா நிற்கிறது? தரையின்மேல் கிடக்கிறது. எருது மேட்டில் ஏறினாலும் பலகைக்குக் கவலையில்லை. 1896 வாக்கில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மெயிட்லண்ட் என்ற ஊரின் உழவர் டேவிட் வார்டு கிங் இதே வேலையைத் தன் வீட்டுமுன் இருந்த மண்சாலையில் செய்தார். மரத்துண்டை இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பிணைத்து, குதிரை பூட்டி, மழை விட்டதும் சாலையில் இழுத்தார். இதை அமெரிக்க வேளாண்துறை 1908இல் உழவர்களுக்கான சிற்றேடாக, அவர் எழுத்திலேயே வெளியிட்டது.

அந்த மரத்தின் இன்றைய வடிவம் நீண்ட இரும்புச் சட்டம். இரண்டு பக்கமும் தரையில் வழுக்கிச் செல்லும் 2 மீட்டருக்குக் குறையாத சேனல், நடுவில் சற்றே சாய்வாக இரண்டு பிளேடுகள். இதைத் தயாராக வாங்க அலைய வேண்டியதில்லை. லாரிக்குக் கூண்டு கட்டுவதில் பெயர்பெற்ற மாவட்டம் நம்முடையது, வெல்டிங் தெரிந்த பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. சட்டத்தின் முன்முனை 10 சென்டிமீட்டர் ஏறினால் நடுவிலுள்ள பிளேடு 5 ஏறும். கிரேடரின் முதல் வகுத்தல் அப்படியே கிடைத்துவிடுகிறது. வரிவரியான அலைகளின் இடைவெளி பெரும்பாலும் 1 மீட்டருக்குள் இருப்பதால், 2 மீட்டர்ச் சட்டம் ஒரே நேரத்தில் இரண்டு முகடுகளின் மேலாவது படுக்கும். பள்ளத்துக்குள் இறங்காமல் முகட்டை மட்டும் சீவும். சீவிய மண் பிளேடைத் தாண்டி வழிந்து பின்னால் விழும்போது கல்லும் பொடியும் கலக்கின்றன. நாம் தேடிய கலப்பு இதுதான்.

இதைப் பூட்டுவதில் மட்டும் கவனம் வேண்டும். மூன்று புள்ளி இணைப்பை உழவுக்காக உருவாக்கியவர் ஹாரி பெர்குசன். 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு அது உலகெங்கும் பரவியது. கலப்பைக்கு இழுவை கூடினால் தானே சற்றுத் தூக்கிவிடும் டிராஃப்ட் கண்ட்ரோல் அவர் தந்த அருமையான அமைப்பு. தடத்தில் அதுவே பகை. இழுவை கூடும் இடம் எது? இறுகிய மேடு. பிளேடு வெட்ட வேண்டிய அந்த இடத்தில்தான் டிராஃப்ட் கண்ட்ரோல் அதைத் தூக்கிவிடும். சட்டத்தை இழுக்கும்போது பொசிஷன் நெம்பை முழுவதும் கீழே விட்டு, சட்டம் தன் எடையில் தரையில் படுக்கும்படி விட வேண்டும். டாப் லிங்க் மாட்டும் இடத்தில் வட்டத் துளைக்குப் பதில் நீளத் துளை போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டிராக்டர் நிமிரும்போதெல்லாம் சட்டமும் நிமிர்ந்து, செலவழித்த இரும்பெல்லாம் வீண்.

நீண்ட சட்டத்தால் ஆகாத வேலை ஆழமான பள்ளம். பள்ளத்தில் கிராவலைக் கொட்டி மேலே இழுத்துவிட்டால் அன்று பார்க்க அழகாக இருக்கும். பள்ளத்தின் விளிம்போ இறுகிப்போன பழைய தரை, உள்ளே விழுந்தது உதிரி. இரண்டும் ஒட்டாது. முதல் மழையில் நீர் தேங்கி, சக்கரம் மிதிக்கும்போதெல்லாம் கலங்கிய நீரோடு பசை வெளியேறி, பழைய பள்ளம் பழைய அளவில் திரும்பும். பள்ளத்தின் அடிமட்டத்துக்கும் கொஞ்சம் கீழே வரை சுற்றுத் தரையைக் கிளறிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மண்ணாக்கித் திரும்ப இறுக்குவது ஒன்றே வழி. இதற்குப் பல் வைத்த பெட்டி பிளேடு உகந்தது. டாப் லிங்கைக் குறுக்கினால் பெட்டி முன்சாய்ந்து பற்கள் ஆழமாக இறங்கும், நீட்டினால் பின்விளிம்பு தரையைத் தடவும். பெட்டி பிளேடு கிடைக்காவிட்டால் ஒன்பது கொத்துக் கலப்பையில் நான்கைக் கழற்றிவிட்டு ஐந்தை மட்டும் வைத்து ஓட்டலாம். முழு எடையும் ஐந்து கொத்தில் மட்டும் விழுவதால் இறுகிய தரையில் இறங்கும். பெரும்பாலான டிராக்டர்களின் ஹைட்ராலிக் தூக்க மட்டுமே செய்யும், கீழே அழுத்தாது என்பதை நினைவில் வையுங்கள். கருவியின் எடையும் சாய்வும்தான் அதைத் தரைக்குள் இறக்க வேண்டும். ரோட்டவேட்டரைத் தடத்தில் இறக்கவே வேண்டாம். கத்தி கல்லில் மோதி முறியும், பொடியும் கல்லும் பிரியும், தடம் புழுதிக்காடாகும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. பின்சக்கரங்களின் வெளிப்புற அகலம் சுமார் 1.75 மீட்டர் என்றால் 6 அடி பிளேடு, அதாவது 1.83 மீட்டர், போதும் என்று தோன்றும். ஆனால் மண்ணை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்த பிளேடைப் பக்கவாட்டில் 30 பாகையாவது திருப்ப வேண்டும். திருப்பினால் அதன் வீச்சு 1.58 மீட்டராகச் சுருங்கிவிடும், சக்கரத் தடம் வெளியே தெரியும். 7 அடி பிளேடு திருப்பிய பிறகும் 1.85 மீட்டர் தரும். இழுக்கச் சக்தி போதுமா? 2 டன் டிராக்டர் நல்ல தரையில் சுமார் 1 டன் விசையோடு இழுக்கும். மணிக்கு 5 கிலோமீட்டரில் அதற்குச் செலவாவது 18, 19 குதிரைத்திறன்தான். 45இல் பாதிகூட இல்லை. சக்கரம் வழுக்கினால் பெரிய இன்ஜினைத் தேடாமல், சக்கரத்தின்மேல் எடை ஏற்றுங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் தடம் கெடுவது ஒரு பழக்கத்தால். நம் கைக்கும் கண்ணுக்கும் வயல் சமன்தான் தெரியும். லேசர் லெவலர் வரை நாம் வாங்கியது நீர் ஓடாமல் நிற்க வேண்டும் என்பதற்காக. தடத்தில் நீர் நிற்கவே கூடாது. நடுமுதுகு உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டும். கிராவல் சாலைக்கு இரண்டரை முதல் 3 சதவீதச் சரிவு, வெறும் மண்சாலைக்கு 3 முதல் 4 என்று இந்தியச் சாலைப் பேரவை (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) 1980இல் வகுத்தது. பசை குறைந்த தோட்டத்துத் தடத்துக்கு நான் 4ஐயே சொல்வேன். மூன்றரை மீட்டர் அகலத் தடத்தில் நடு, ஓரத்தைவிட 7 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. இரு ஓரத்திலும் முளை அடித்துக் கயிறு கட்டி நடுவில் அளந்து பாருங்கள், நம் தடங்கள் பலவற்றில் நடு தாழ்ந்தே இருக்கும். சரிவு எடுக்க வலப்பக்க லிஃப்ட் ராடின் திருகைச் சுழற்றி பிளேடின் ஒரு முனையைத் தாழ்த்துங்கள். போகும்போது ஒரு பாதி, வரும்போது மறு பாதி. முதுகின் உச்சியில் பிளேடை நேராக வைத்து ஓட்டினால் எடுத்த சரிவெல்லாம் போய்விடும்.

நேரம் பார்ப்பது கருவி பார்ப்பதற்குச் சமம். 1933இல் லாஸ் ஏஞ்சலிஸ் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர், ஒவ்வொரு மண்ணுக்கும் அது மிக நன்றாக இறுகும் ஈரம் ஒன்று உண்டு என்று காட்டினார். அதைவிடக் காய்ந்தால் துகள்கள் உரசி நகர மறுக்கின்றன, ஈரம் கூடினால் நீரே இடத்தை அடைத்துக்கொள்கிறது. முன்பு சொன்ன உருண்டை கையில் நிற்கும் நாள்தான் அந்த நாள். நமக்கு அது கோடைமழை விட்ட மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வரும். மஞ்சள் வேலை ஓய்ந்திருக்கும், டிராக்டரும் கிடைக்கும். அப்போது கிளறிச் சரிவு எடுத்துவிட்டு, ஐப்பசி மழைக்கு முன்னால் சட்டத்தை மட்டும் ஒருமுறை இழுத்தால் கிழங்கு வண்டிக்குத் தடம் தயார். ரோலர் கிடைக்காவிட்டால் பாரம் ஏற்றிய டிரெய்லரை ஒவ்வொரு நடைக்கும் ஒரு சக்கர அகலம் தள்ளித் தள்ளி ஓட்டலாம். ஒரே தடத்தில் ஓட்டினால் அங்கே நீர்வாய்க்கால்தான் உருவாகும்.

பட்டறையில் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று மிச்சம். பிளேடின் விளிம்பில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை வைப்பது நல்ல யோசனை. ஸ்பிரிங் எஃகில் கரி அதிகம், கல்லில் உரசித் தேயாமல் நெடுநாள் நிற்கும். அந்தக் கரியாலேயே அதை நேரடியாக வெல்டிங் செய்தால், சூடேறிச் சட்டென ஆறிய இடம் கண்ணாடியாக நொறுங்கும் தன்மை பெற்று, பற்றுக்கு அருகே விரிசல் விடும். துளை போட்டு போல்ட்டால் இறுக்கச் சொல்லுங்கள். ஒரு விளிம்பு தேய்ந்ததும் கழற்றித் திருப்பி மாட்டினால் மறு விளிம்பும் உழைக்கும்.